எதிர்க்கடையின் குடோன்

"ஒரு ரிலே. கஸ்டமர் நிக்கறாரு."

எதிர் மாடிக் கடைக்காரர் படியிறங்கி, தெருவைக் கடந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

கீழ்க்கடைக் கல்லாவில் இருந்த அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரிலே ஒன்றை எடுத்தாள். மோட்டாரைத் தானாக ஓட்டவும் நிறுத்தவும் உதவும் சின்ன நீலப் பெட்டி. அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை மடித்து, கூட்டல் குறி போல இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தாள். எலக்ட்ரானிக் உதிரிபாகங்கள் விற்கும் அந்தத் தெருவில் மற்றவர்கள் கையில் கொட்டிக் கொடுத்துவிடுவார்கள். இவளுக்கு மட்டும் இந்த வழக்கம்.

அவர் காசை வைத்துவிட்டுப் போனார்.

அங்கே எந்தக் கடையிலும் 'இல்லை' என்ற சொல் கிடையாது. 'ரெண்டு நிமிஷம், குடோன்ல இருந்து எடுத்துட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடுவார்கள். உண்மையில் ஒருவருக்கும் குடோன் கிடையாது. வாங்குகிறவர்களுக்கு மட்டும் அது தெரியாது.

எதிர்க்கடைக்காரருக்கு இவள்தான் குடோன்.

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே கடை. அவர் இவளுடைய கணவர். இன்னமும் கணவர்தான், ரிலே கேட்பதைத் தவிரப் பேச்சுவார்த்தைதான் இல்லை. பிராஜெக்ட் செய்கிறேன் என்று யார் வந்து நின்றாலும் அடக்க விலைக்கும் கீழே தூக்கிக் கொடுத்துவிடுவார். 'இது கடையா, சத்திரமா?' என்று இவள் ஒருநாள் கேட்டாள். 'உனக்கு மனுஷங்களைவிட லாபம்தான் பெருசு' என்று அவர் சொன்னார். வார்த்தை தடித்து, டிராயர்களைப் பிரித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. டிரான்சிஸ்டரும் எல்.இ.டி.யும் அவருக்கு. ரிலேயும் மோட்டாரும் இவளுக்கு. இவள் அக்கா வீட்டுக்குப் போனாள். எதிரில் காலியாக இருந்த கீழ்க்கடையை வாடகைக்குப் பிடித்தாள்.

இப்போது அக்கா வீட்டுக்காரர் ஊருக்கு வெளியே புது மார்க்கெட்டில் ஒரு கடை பார்த்து வைத்திருந்தார். இன்று பதில் சொல்லியாக வேண்டும். ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு உட்கார்ந்திருப்பாய் என்று அவர் கேட்டதும் நியாயம்தான்.

இவள்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் போய்விட்டால் இந்த மனிதர் ரிலேவுக்கு எங்கே போவார்? வெறும் வியாபார யோசனைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதுகில் பையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். ஊருக்குப் போகும்போது செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் ஊற்ற ஏதோ செய்கிறாளாம். தெரு முழுக்க விலை கேட்டுக்கொண்டு வருகிறாள்.

விலையைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினாள். "என்னக்கா, எதிர்மாடியில இதைவிடக் கம்மி."

"அவர்கிட்ட ரிலேவே கிடையாதேம்மா."

"டிராயர் நிறைய இருக்கே! திறந்து காட்டினாரே. இன்னும் நாலு கடை பார்த்துட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்களும் கொஞ்சம் யோசிங்க."

பெண் அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

டிராயர் நிறைய.

அப்படியென்றால் வேறு எங்கிருந்தோ மொத்தமாக இறக்கியிருக்கிறார். பிறகு எதற்கு இங்கே வந்து ஒன்று, இரண்டு என்று கேட்கிறார்? விலையை வேவு பார்க்கத்தான். பார்த்துக்கொண்டு போய், குறைத்துப் போட்டு, இவள் கடையை ஈயோட்ட வைக்கத்தான். சத்திரக்காரருக்குக் கூட சாமர்த்தியம் வந்துவிட்டது.

புது மார்க்கெட் கடையை முடித்துவிடச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள்.

அதற்குள் அவரே மறுபடி வந்து நின்றார்.

"ரெண்டு ரிலே. கஸ்டமர்..."

"நில்லுங்க," என்றாள். "குடோன்ல இருந்து எடுத்துட்டு வரேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவரைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்து, டிராயரோடு தூக்கி வந்து முகத்துக்கு நேரே கவிழ்க்க வேண்டும்.

மாடிப்படி ஏறினாள். கடையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கஸ்டமர் யாரும் நிற்கவில்லை.

சுவரோரமாகக் கீழ் வரிசையில் அந்த டிராயர். ஒரு காலத்தில் அவளே துடைத்து வைத்ததுதான். இழுத்தாள். நிரம்பியிருந்ததால் பாதியில் சிக்கி, பிறகு திறந்தது.

உள்ளே விளிம்புவரை சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று, சிலவற்றில் இரண்டு. ஒன்றைக்கூடப் பிரித்திருக்கவில்லை.

எல்லாவற்றின் வாயிலும், கூட்டல் குறி போல, இரண்டு பின்.

அவள் குந்தி, மேலிருந்த கவரின் பின்னை விரலால் தடவினாள்.

எழுந்து ஜன்னல் வழியே பார்த்தபோது கீழே அவளுடைய கடை தெரிந்தது. பையோடு வந்த பெண் திரும்பி வந்திருந்தாள். அவளுக்கு அவர் ஒரு ரிலேயை எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் முகம் மலர்ந்திருந்தது. சந்தேகமே இல்லை, அடக்க விலைக்கும் கீழேதான்.

கையில் போன் அடித்தது. அக்கா வீட்டுக்காரர்.

அவள் ஒரு கவரை எடுத்துக்கொண்டு, டிராயரை முழங்காலால் தள்ளி மூடினாள்.

"அந்தக் கடை வேண்டாம் மாமா," என்றாள். "அங்கேயிருந்து குடோன் ரொம்ப தூரம்."