கீச்சிட்ட ஷாஃப்ட்

ஆப்பிரிக்க நகரமான குமாசியின் பட்டறைத் தெருவில் மக்காச்சோள மில் நடத்தும் அப்ராஃபி, லேத் பட்டறை ஒப்போங்கைக் கூப்பிட்டாள்.

"ஷாஃப்ட் கீச்சு கீச்சுங்குது தம்பி. எண்ணெய் விட்டுட்டுப் போ. வரிசை ரோடு வரைக்கும் நிக்குது."

ஒப்போங் மில்லை நிறுத்தி மூடியைக் கழற்றினான். மோட்டாரையும் அரைகல்லையும் இணைக்கும் ஷாஃப்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது. தடிமன் குறையும் இடத்தில் வளைவு விடாமல் கூர்மூலையாகக் கடைந்திருந்தார்கள். முறிந்தால் அங்கேதான் முறியும். ஆனால் முறிந்த முகங்கள் இரண்டிலும் பழைய துரு ஏறியிருந்தது. நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைந்தது.

"இது உடைஞ்சு வருஷக்கணக்காச்சுக்கா."

"உளறாத. இப்ப அரைச்ச மாவு, தொட்டுப் பாரு, சுடுது."

மூலையில் வளைவு விட்டுப் புது ஷாஃப்ட் கடைந்து வந்து மாட்டினான். மோட்டார் உறுமியது. கல் அசையவே இல்லை.

"எண்ணெய்தானே விடச் சொன்னேன்? பெரிய இவன் மாதிரி எதுக்குக் கழட்டுன?" என்று வள்ளென்று விழுந்தாள் அப்ராஃபி.

பழைய துண்டுகளையே திரும்ப மாட்டினான். சுவிட்சைப் போட்டதும் இரண்டும் ஒன்றாகச் சுழன்றன. மாவு கொட்டியது, வரிசை நகர்ந்தது.

ஒப்போங் எண்ணெய்க் குப்பியோடு குனிந்து காது கொடுத்தான். கீச்சுச் சத்தம் பேரிங்கிலிருந்து வரவில்லை. துண்டுகளுக்கு நடுவே, ஒன்றுமே இல்லாத அந்த ஒரு விரல் இடத்திலிருந்து வந்தது.