வெளுத்த துணி

தாலுகா ஆபீஸ் கிளார்க் தசரதன், பழைய கோப்புகளை நீக்கும் முறையைப் புதிய அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். முந்தைய அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: வெள்ளைத் துணிக் கட்டுகளை எரிக்கவும், சிவப்புத் துணிக் கட்டுகளைத் தொடக் கூடாது.

"இன்னொரு வரி சேத்துக்குங்க சார்," என்றேன், அந்தக் கட்டுகளை எரிக்கும் பியூனான நான். "எரிக்கிறதுக்கு முன்னாடி கட்டை அவுத்து, உள்ள இருக்கிற பேரைப் படிக்கணும்னு."

"முதியோர் பள்ளியில நாலு எழுத்து கத்துக்கினதும் எனக்கே பாடமா மக்பூல்? துணி கலரே சொல்லிடுதே!"

"சன்னலோரம் இருக்கிற சிவப்பு, வெயில்ல வெளுத்து வெள்ளையாயிடுது சார்."

எழுந்து போய்ப் பார்த்தார். முகம் மாறியது.

"இதுவரைக்கும் தப்பா எதையும் எரிச்சிடலையே?"

"இல்ல சார்."

அந்த வரியை எழுதினார்.

வாசலில் ரேணுகாம்பாள் காத்திருந்தாள். மனைப் பட்டா கோப்புக்காக ஒரு வருடமாக வேங்கிக்காலிலிருந்து நடந்து வருகிறாள்.

"இந்த மாசத்துக்குள்ள காட்டலன்னா குடிசையைப் பிரிச்சிடுவாங்களாம். இந்த ஆபீஸ்ல எனக்காகத் தேடுறது நீங்க ஒருத்தர்தான் பாய்," என்றவள், மடியிலிருந்த வறுத்த மல்லாட்டையை, ஒரு பிடி வேர்க்கடலையை, என் கையில் திணித்தாள்.

"தேடுறேம்மா," என்றேன்.

என் சட்டைப் பையில் ஓரம் கருகிய ஒரு காகிதம் இருக்கிறது. போன வருடம் நான் எரித்த குவியலில் மிஞ்சியது. எழுத்துப் பழக உதவுமே என்று எடுத்து வைத்திருந்தேன். யார் துணையும் இல்லாமல் நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் பெயர் அதில்தான் இருந்தது.

ரே... ணு... காம்... பாள்.