படியில் மட்டும் வரும் களைப்பு

தம்பியின் ஆங்கில அகராதியில் 'டிரட்ஜ்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். களைத்துப்போய், கனத்த கால்களை இழுத்து இழுத்து நடப்பது. ஆற அமர நடப்பவருக்கு இந்தச் சொல் பொருந்தாதாம். உடம்பில் அலுப்பு இருக்க வேண்டும். மாவு மில்லில் மூட்டை தூக்கும் அப்பா தினமும் அப்படித்தான் வருவார். இன்று ஜன்னல் வழியே பார்க்கிறேன். மாலை வெயிலில், தூக்குச்சட்டியை வீசிக்கொண்டு தெருவில் விறுவிறுவென்று வருகிறார். மாடிப்படியில் கால் வைத்ததும் செருப்பு தேயத் தொடங்குகிறது. சரக், சரக். படிக்கு ஒரு பெருமூச்சு. பள்ளி திறந்ததும் என்னை மறுபடி சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மில் வேலையை நம்பித்தான். கதவருகே அம்மா அவரை ஏற இறங்கப் பார்க்கிறாள். சட்டை முழுக்க மாவு. ஆனால் மூட்டை தோளில் ஏறினால் முதலில் வெளுப்பது காதுதான்.

"காதுல மாவே இல்லியே?"

"கழுவிட்டேன்டி."

"சட்டைய அப்படியே விட்டுட்டு, காத மட்டும் கழுவுனீங்களா? புது மாப்பிள்ளை தோத்தாரு போங்க."

அப்பா சிரிக்கவில்லை. குனிந்து செருப்பு வாரை நெடுநேரம் கழற்றுகிறார்.

"மில்லுல நிறுத்திட்டாங்களா?" அம்மாவின் குரல் தாழ்ந்துவிடுகிறது.

அவர் அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்.

"பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப்போயிடாதும்மா" என்கிறார்.