இன்னும் ஒரு சாண்

கடலில் மிதந்த பனிப்பாறை ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதன்மேல் குடியிருந்த பெங்குவின்களுக்கோ ஒரே கொண்டாட்டம்!

“அண்ணே, நேத்தைவிட இன்னிக்கு என்னா வேகம்!” என்று பெரிய பெங்குவினிடம் கத்திக்கொண்டே சறுக்கியது குள்ளப் பெங்குவின்.

“அடியில கரைஞ்சுக்கிட்டிருக்கேன்டா!” என்றது பாறை. “இதுவரைக்கும் சாஞ்சா நிமிர்ந்துடுவேன். இன்னும் ஒரு சாண் சாஞ்சா, என்னால நிமிரவே முடியாது.”

“ஒரு சாண்தானே! எல்லாரும் இந்தப் பக்கம் வாங்கடா!” என்று கூவியது பெரிய பெங்குவின். சறுக்குவதற்கு மொத்தக் கூட்டமும் முண்டியடித்து ஓடிவந்தது.

பாறை தலைகீழாகக் கவிழ்ந்தது. துண்டு துண்டாக உடைந்து அலையோடு போனது.

தண்ணீருக்கு மேலே தலைநீட்டிய குள்ளப் பெங்குவினுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

“பிரமாதம் அண்ணே! வாங்க, மறுபடி ஏறுவோம்!”