லாமிங்டன் என்றொரு கட்டளை

வாரம் தவறாமல் தப்பு செய்கிற ஒருத்தியை, நீங்களாக இருந்தால் வேலையில் வைத்திருப்பீர்களா?

ஆஸ்திரேலியாவில், ஜெரால்டன் ஊரில் சிங்கி இறால் ஏற்றுமதி செய்கிற ஆபீசில் மேலாளர் டேரிலுக்கு இதே குழப்பம். டாலியாவின் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நீட்டிப்பதா, அனுப்புவதா?

அங்கே எல்லோருக்கும் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற வேலை. தப்பாக அடித்தால் சிவப்பு எழுத்தில் திட்டு விழும். வாங்கிய திட்டையெல்லாம், அந்தத் திரையை மூடுகிற வரை கம்ப்யூட்டர் மறக்காது.

வெள்ளிக்கிழமை டீக்கு முன்னால் டேரில் மேஜை மேஜையாக வந்து ஒரு வரி அடிப்பார். எத்தனை தப்பு என்று எண்ணிக்கை வரும். யாருக்கு அதிகமோ, அடுத்த வாரக் கேக் அவர் பொறுப்பு.

முதல் தடவை மாட்டியது நோலீன். இத்தனை வருஷம் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு, இப்போதுதான் இந்தத் திரைக்கு வந்தவர். அதற்கப்புறம் எப்போதும் டாலியாதான்; தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கைக் கடையில் வாங்கி வருவாள்.

இன்றைக்கும் அப்படியே.

"நோலீன், பதினாலு. டாலியா... பதினஞ்சு! மறுபடியும் நீயா?"

"கேக் கடைக்காரனையே கட்டிக்க டாலியா, செலவாவது மிச்சம்!" என்றான் பக்கத்து மேஜை வாரிக்.

டாலியா பால் குடிக்கிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் டீக்குப் போனதும், "நீ இரும்மா" என்றார் டேரில். "அனுப்பறதுக்கு முன்னால, அப்படி என்னதான் தப்பு பண்ணினேன்னு பார்த்துடறேன்."

இதுவரை எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர், முதல் தடவையாகத் தப்புகளையே வரவழைத்தார். கடைசியாகச் செய்தது மேலே வந்து நின்றது.

'லாமிங்டன்' என்றொரு கட்டளை கிடையாது.

அதற்குக் கீழே: 'இன்னொருலாமிங்டன்' என்றொரு கட்டளை கிடையாது.

அதற்கும் கீழே: 'வாரிக்வாயாடி' என்றொரு கட்டளை கிடையாது.

"என்னம்மா இது?"

"தப்பு."

"இது தப்பா? வேணும்னே அடிச்சிருக்கே! நான் நோலீன் மேஜையில நிக்கும்போது பின்னால டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. அவங்க கணக்கு காதுல விழுந்ததும், அதைத் தாண்ட இதையெல்லாம் அடிச்சியா?"

டேரில் அடிவரை தேடினார். உண்மையான தப்பு ஒன்றே ஒன்று இருந்தது.

"வேலையே போயிருக்குமே, ஏன் இப்படி?"

"முதல் தடவை மாட்டினப்ப நோலீன் பாத்ரூம்ல உட்கார்ந்து அழுதாங்க. மறுநாள் திரும்ப ஃபோன் வேலைக்கே போயிடறேன்னாங்க." டாலியா குரலைத் தாழ்த்தினாள். "அதோட, அவங்க சுட்டுக் கொண்டுவந்த கேக்கை நீங்க தின்னீங்களா இல்லையா?"

டேரிலின் கை தானாகத் தாடைக்குப் போனது. "பல் டாக்டர்கிட்டயே போயிட்டு வந்தேன்."

"ஆபீசுல எல்லாரோட பல்லையும் காப்பாத்திக்கிட்டிருக்கேன்."

வெளியிலிருந்து நோலீனின் குரல் வந்தது. "டாலியா கண்ணு, டீ ஆறுது! போன வாரத்தைவிட எனக்குத் தப்பு கம்மி, கவனிச்சியா?"

டேரில் திரையை மூடினார். பதினைந்து தப்பும் போன இடம் தெரியவில்லை.

"திங்கட்கிழமை வேலைக்கு வந்துடு."

"நிஜமாவா?"

"அடுத்த வெள்ளிக்கிழமையிலேருந்து என் திரையும் கணக்குல சேரும். அதுக்கப்புறம் கேக் என் பொறுப்பு." வாசல்வரை போனவர் திரும்பி வந்து குனிந்து கிசுகிசுத்தார்.

"நான் நோலீன் மேஜைக்குப் போனதும், என் திரையில கொஞ்சம் லாமிங்டன் அடிச்சு வெச்சிடும்மா... சத்தம் மட்டும் வராம."