கரப்பான் பண்டம்

டாக்டரம்மா, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கப் பூங்கொடியின் முதுகில் ஒட்டியிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவன் மனைவியின் முதுகைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான். அது ஓடவே இல்லை. ஏசி அறை.

மகள் நித்திலா எடை பார்க்கும் மிஷினில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

மற்றப் பட்டைகளுக்கு அடியில் தோல் சும்மா இருந்தது. ஒன்றுக்கு அடியில் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

"நிக்கல்" என்றார் டாக்டரம்மா. "உங்க கழுத்துக்கு இதுதான் ஆகலை. சாப்பாடு இல்லை."

பூங்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப கத்திரிக்காய் சாப்பிடலாமா டாக்டரம்மா?"

பாவம்.

ஒரு வருஷமாக அவள் கத்திரிக்காயைத் தொடவில்லை. கருவாட்டை விட்டாள். வேர்க்கடலையை விட்டாள். தூத்துக்குடியில் பிறந்தவள் இறாலையும் விட்டாள். எல்லாம் கரப்பான் பண்டம், உடம்புக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லி நிறுத்தவைத்தவன் அவன்தான். அதையும் அக்கறையாகச் சொன்னான்.

போன வாரம் பக்கத்து வீட்டு வளைகாப்பில் அவள் ஒரே ஒரு வாய் எண்ணெய்க் கத்திரிக்காய் தின்றாள். "நாக்கை அடக்க முடியாதவளுக்கு என்ன மருந்து போட்டு என்ன?" என்று பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டான். அவள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

"இந்த நிக்கல் எதுல இருக்கும்?"

"ஊக்கு, வாட்ச் பக்கிள், கவரிங் நகை. வேர்வை பட்டா தோல்ல இறங்கும். கழுத்துல என்ன போட்டிருக்கீங்க?"

"எங்கப்பா போட்ட தாலிச் செயின். அஞ்சு பவுன்." பூங்கொடி அதைக் கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னாள்.

"தங்கத்துல அதெல்லாம் வராதே டாக்டர்!"

அவனை யாரும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான்.

டாக்டரம்மா செயினைப் பார்த்தார். கொக்கிப் பக்கம் வெளுத்திருந்ததைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போன வருஷம் பூங்கொடிக்குக் குடல்வால் ஆபரேஷன். தியேட்டருக்குள் நகை கூடாது என்று நர்ஸ் செயினைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். கட்டின புருஷன் கையில் கொடுக்காமல் வேறு யார் கையில் கொடுப்பாள்? போனில் ரம்மி ஆடி விட்டதைப் பிடிக்க அவனுக்கு அப்போது ஒரு வழி வேண்டியிருந்தது. விற்றான். அதையும் விட்டான்.

அவள் வீடு திரும்பியபோது கழுத்தில் அதே மாதிரி ஒரு செயின் இருந்தது. தாலி மட்டும் அதே தாலி.

சீக்கிரம் வாங்கிப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தான். எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

மறு மாசமே கழுத்து அரிக்க ஆரம்பித்தது. சின்ன வயசில் முழங்கையில் இருந்த கரப்பான் கழுத்துக்கு ஏறிவிட்டது என்று அவள் நினைத்தாள். அவன் ஆமாம் என்றான்.

செயின் வெளுத்தால் பாலிஷ் போட்டு வருகிறேன் என்று வாங்கிப் போய், புதிதாக வேறொன்று கொண்டுவருவான். அது வரும்வரை அவள் மஞ்சள் கயிற்றில் இருப்பாள். புண் ஆறத் தொடங்கும்.

"பாத்தியா, கருவாட்டை விட்டதும் குறையுது" என்பான்.

தெரியாமல் சொன்னான் என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டான்.

காலையில் அவள் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். அவன்தான் ஊறப்போட்டுத் துவைப்பான். புருஷன்னா இப்படி இருக்கணும் என்று தெருவே சொன்னது. அதையும் கேட்டுக்கொண்டான்.

"எதுக்கும் செயினைக் கழட்டி வச்சிட்டு கயிறு போட்டுக்குங்க" என்றார் டாக்டரம்மா. "அதுவே ஆறும். மத்ததை வீட்டுல பேசிக்குங்க."

மத்தது என்னவென்று பூங்கொடி கேட்கவில்லை. களிம்பு தடவுவதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

எதிரிலேயே அம்மன் கோயில். வாசலில் மஞ்சள் கயிறு வாங்கினார்கள். தாலியைக் கயிற்றுக்கு மாற்றி, சன்னதியில் அவனையே கட்டச் சொன்னாள். முடிச்சுப் போடும்போது அவன் விரல் புண்ணில் பட்டது.

"மெதுவாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"செயினைக் குடு. நான் வச்சுக்கறேன்."

"உங்க பையில போட்டா தொலைஞ்சுரும். இவ ரொம்ப நாளா கேக்குறா. ரெண்டு நாள் ஆசைக்குப் போட்டுக்கட்டும்."

அவன் வாயைத் திறப்பதற்குள் நித்திலாவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். செயின் தொப்புள் வரை தொங்கியது. பிள்ளைக்கும் அம்மாவின் தோல்தான். முழங்கை மடிப்பில் இருந்த கரப்பான் இப்போதுதான் அடங்கியிருக்கிறது.

"நல்லாருக்காப்பா?"

அவன் மகள் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான். நல்லாருக்கு என்று சொன்னால் போதும். இந்த ஒரு வருஷமும் அப்படித்தான் சொல்லிச் சமாளித்தான். இன்றைக்கு வாய் வரவில்லை. கை மட்டும் பிள்ளையின் பிடரியில் கொக்கியைத் தேடியது.

பூங்கொடி சிரித்தாள்.

"ஏங்க, அவளுக்கு எதுக்குக் கழட்டுறீங்க? தங்கந்தானே அது?"

அவன் நிமிரவில்லை. கொக்கியைக் கழற்றினான்.

அவள் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை சிரிக்காமல் கேட்டாள்.