ஆம்பிளை இல்லாத தெரு

சாலை மறியல் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சாலையின் குறுக்கே மரம் வெட்டிப் போட்டவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கச்சிராயபாளையம் அருகே ஒரு தெருவில் ஜீப் வந்து நின்றது. நோட்டும் கையுமாக இறங்கியவர் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்து, வாசலில் நின்ற அஞ்சலாட்சியிடம் கேட்டார்.

“வீட்ல எத்தனை பேரும்மா?”

“நானும் எம் பொண்ணுந்தான் சார்.”

“வீட்டுக்காரர்?”

“பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டாரு. ஒரு மாசமாச்சு.”

“தெருவுல எல்லாருமே இப்படித்தான் சொல்றாங்க. ஒரு ஆம்பிளைகூட இல்லையா?”

“இல்ல சார்.”

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். “அப்ப சின்னத் தொட்டி போதும்னுதான் எழுதணும்.”

“இன்னா தொட்டி?”

“நாங்க இன்ஜினீயரிங் காலேஜும்மா. எந்த ஊருக்கு எவ்வளவு குடிதண்ணி வேணும்னு ஆராய்ச்சி பண்ணி அரசாங்கத்துக்குத் தர்றோம். ஒரு நாளைக்குத் தலைக்கு நாற்பது லிட்டர்.”

“நீங்க போலீஸ் இல்லியா?”

“ஐயோ, இல்லம்மா!”

அஞ்சலாட்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொல்லைக்கு ஓடி, கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“எல்லாரும் எழுந்து வாங்க! தண்ணிக்குத்தான் தல எண்ணுறாங்க!”

கரும்பு சலசலத்தது. பதினேழு ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தலையெல்லாம் கரும்புச் சோகையோடு முதலில் வந்தவர், பெங்களூர் போயிருந்த அவள் வீட்டுக்காரர்.